அம்மாவுக்கு நான் ‘மிஸ்’ ஆன நாள்

உயர்தர வகுப்பில் அரசறிவியல் படித்த காலம் முழுக்க எனக்கு ஒழுங்காக உட்காரவே வரவில்லை. மனித உரிமைகள் பாடம் ஆரம்பித்த பிறகு இன்னும் மோசம். டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பார், நான் மேசைக்குக் கீழே காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவள் தொடையில் ஓர் அடி வைப்பாள். கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மறுபடி ஆடும். ஏன் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது.

இப்போது யோசித்தால், பாடத்தில் எல்லாமே சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல் என்று தோன்றுகிறது. சட்டத்தின் முன் யாவரும் சமம். இனம், மதம், மொழி, சாதி பார்த்து ஒருவரையும் ஒதுக்கக் கூடாது. கூடிப் பேசலாம், சங்கம் வைக்கலாம், விரும்பிய தொழிலைச் செய்யலாம். ஒரு சொல்லில்கூடக் குறை பிடிக்க முடியாது. இதையெல்லாம் நான் காலையில் கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பஸ்ஸில், ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் குறிப்பை விரித்துப் பாடமாக்கினேன். வளைவில் பஸ் சாயும்போது நானும் என் சமத்துவமும் சேர்ந்து பக்கத்து ஆளின் மேல் விழுவோம். கொண்டக்டர் ‘இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட’ என்று எல்லாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். முன்னுக்குப் போக இடம் இருக்காது.

கண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது ஊர் எதுவென்று கேட்டால் ‘கலஹா’ என்பேன். கேட்டவர்களுக்கு அது போதும். கலஹா டவுனில் கடை இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேதான் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறேன் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். டவுனுக்கு மேலே ஏறுகிற ரோட்டில் மூச்சு வாங்க நடந்தால் வருகிற வரிசை வீடுகளை, எங்கள் லயத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கழுத்தில் பலகை எழுதி மாட்டிக்கொள்ளவில்லை. விஷயம் அவ்வளவுதான். இதைப் போய் யாராவது பெரிய ரகசியம் மாதிரிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அப்பா கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் நிற்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். வகுப்பில் இது தெரிந்தவள் ஒருத்திதான், என் தொடையில் அடிக்கிறவள். அவள் அக்குறணைப் பிள்ளை. அவளுடைய வாப்பாவுக்கு அங்கே மெயின் ரோட்டில் துணிக்கடை. உரிமை பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. பரீட்சைக்கு எது வரும் என்பது மட்டும்தான் அவள் கேள்வி.

டீச்சர் யாழ்ப்பாணத்தவர். கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்து பல வருடமாகியும் அவருடைய பேச்சு மட்டும் இங்கே வந்து சேரவில்லை. நேர்மையான மனுஷி. எங்களைத் திட்டுவதைவிட அதிகமாகத் தன்னைத் திட்டிக்கொள்வார். ஒருநாள் புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

“பிள்ளையள், உரிமையைப் புத்தகத்தில மட்டும் படிச்சுப் பிரயோசனம் இல்லை. வேலை செய்யிற ஆக்களிட்டப் போய்க் கேக்கவேணும். எனக்குத் தெரிஞ்ச ஒராள் மூலமா ஒரு தோட்டத்துத் துரையிட்டக் கதைச்சு அனுமதி எடுத்திட்டன்.”

துரை என்றால் தோட்டத்தின் மனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் எங்கள் வாயில் அவர் இன்னும் துரைதான். டீச்சர் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். என் கால் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பாடம் முடியும் வரை அது ஆடவே இல்லை.

“ஒன்ட தோட்டம்தானே அது?” என்று அக்குறணைக்காரி காதுக்குள் கேட்டாள். “டீச்சர்கிட்டச் செல்லேன்டி.”

“என்னத்தச் சொல்ல?”

“ஒங்கட ஊடு அங்கதான் ஈக்கின்னு செல்லு. என்தக்கு யோசிக்கிற?”

சொல்லவில்லை. வெட்கம் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். ‘அப்படியென்றால் இவளிடமே கேட்போமே’ என்பார்கள். நான் எழுந்து நின்று பதில் சொல்கிறவளாக, அத்தியாயத்துக்கு உதாரணமாக ஆகிவிடுவேன். எங்கள் தோட்டத்துக்கு எத்தனையோ பேர் கேள்விக்கொத்தோடு வந்து போயிருக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி அலுத்த சனம் நாங்கள். ஒரு தடவையாவது கேட்கிற பக்கம் உட்கார எனக்கு ஆசையாக இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் உதறிக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“எங்க வகுப்புல இருந்து இங்க வர்றாங்களாம். உரிமையப் பத்தி ஒங்ககிட்டெல்லாம் கேக்கப் போறாங்களாம்.”

“யாரு யாரு?”

“டீச்சரும் புள்ளைங்களும்.”

“நீ?”

“நானுந்தான்.”

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி” என்று சொல்லிவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைக்கப் போனாள். வழக்கமாக அம்மாவின் ‘சரி’க்குப் பின்னால் ஒரு வாக்கியமாவது வரும். அன்று வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் சாயங்காலத்தில் லயத்துக்கு லயம் போய்ப் பேசிக்கொண்டிருந்ததையும் நான் கவனித்தேன். கோயில் திருவிழா விஷயமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

போகிற நாளும் வந்தது. வகுப்போடுதான் போக வேண்டும் என்பதால், விடியற்காலையில் வீட்டிலிருந்து இறங்கி, பஸ் ஏறிப் பேராதனை போய், அங்கிருந்து கண்டி போய், பள்ளிக்கூட வாசலில் வேன் ஏறி, அதே ரோட்டால் மறுபடி என் வீட்டுக்கே வந்தேன். இதைவிட முட்டாள்தனமான ஒரு பிரயாணம் நான் போனதில்லை. வேனில் ஒருத்தி அட்டை கடிக்காமலிருக்கச் சவர்க்காரத் துண்டு கொண்டுவந்திருந்தாள். இன்னொருத்தி உரிமைகளைப் பற்றி ஒரு கவிதையே எழுதிவந்து வாசித்தாள். நான் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, இந்த வளைவில் இந்த மரம், அடுத்த வளைவில் அந்தக் குழாய் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். தலை சுற்றுகிறதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

வேன் பிரட்டுக்களத்தில் நின்றது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற திடலுக்குத்தான் அந்தப் பேர். அங்கே ஒரு கொட்டகைக்குள் சில பெண்களை வாங்கில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் தலை வாரி, நல்ல சேலை கட்டி, அதற்கு மேலேயே படங்கையும் கட்டியிருந்தார்கள். நடுவில் அம்மா. எனக்கு இது ஆச்சரியமில்லை. நன்றாகப் பேசுகிறவள் என்று எந்த விருந்தாளி வந்தாலும் அவளைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்.

கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். கொழுந்தை நிறுத்து, ஒவ்வொருவருக்கும் பேர் போடுகிறவர் அவர். நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து என்னைப் பார்த்தவர். ரோட்டில் கண்டால் ‘ஏய் கொரங்கு’ என்று கூப்பிடுவார். அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க மிஸ், வாங்க வாங்க.”

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து லயத்து அத்தையைப் பார்த்தேன். முந்தின நாள்தான் அவள் வீட்டில் ரொட்டி தின்றேன். அவள் என்னை முன்பின் பார்க்காதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்து “வணக்கங்க மிஸ்” என்றாள். அப்புறம் அம்மா எழுந்தாள்.

“ஒக்காருங்க மிஸ். ரோடு ரொம்ப மோசம். தல கில சுத்துச்சா?”

என் காது இரண்டும் கொதித்தன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. லயம் லயமாகப் போய்ப் பேசியது கோயில் விஷயம் இல்லை. பிள்ளை கூட்டாளிகளுக்கு முன்னால் கூச்சப்படுகிறது, யாரும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதீர்கள் என்று அம்மா தோட்டத்துக்கே சொல்லி வைத்திருக்கிறாள். தோட்டமும் ஒரு மனதாகச் சரி என்றிருக்கிறது. சங்கங்களால் இத்தனை வருடத்தில் கொண்டுவர முடியாத ஒற்றுமையை எனக்காக ஒரே வாரத்தில் கொண்டுவந்துவிட்டாள். யார் கேட்டது? நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அங்கேயே கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அத்தனை பேரும் அத்தனை அக்கறையாக நடித்துக்கொண்டிருக்கும்போது எந்த முகத்தோடு கத்துவது?

எங்கள் லயத்து நாய்க்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. அது வாலையும் இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு வந்து என் மேல் பாய்ந்தது. வகுப்புப் பிள்ளைகள் வீறிட்டார்கள். கணக்கப்பிள்ளை “சீ, போ! மிஸ்ஸ கடிச்சிறாத!” என்று அதைத் துரத்தினார். நாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், தூரத்தில் போய் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

கேள்விகள் ஆரம்பித்தன. கவிதை எழுதியவள்தான் முதலில்.

“உங்களுக்கு உங்களுடைய அடிப்படை உரிமைகள் பற்றித் தெரியுமா?”

“தெரியாதுங்க மிஸ்” என்றார்கள் எல்லாரும் ஒன்றாக. இந்தக் கேள்விக்கு இந்தப் பதிலைச் சொன்னால் வந்தவர்கள் சந்தோஷமாகப் போவார்கள் என்று அவர்களுக்கு நீண்ட காலப் பழக்கம்.

“சங்கம் அமைக்கும் உரிமை இருக்கிறது தெரியுமா?”

“சம்பளத்துல சந்தா புடிக்கிறாங்க, அது தெரியும்” என்றாள் அத்தை.

என் முறை வந்தது. துண்டில் எனக்கென்று எழுதித் தந்த கேள்வியை வாசித்தேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“வேலை செய்கிற இடத்தில உங்களை மரியாதையா நடத்துறாங்களா?”

அம்மா என்னை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் குறும்பு இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“நல்லாத்தான் நடத்துறாங்க மிஸ். ஒங்கள மாதிரிப் படிச்சவங்க வர்ற அன்னிக்கு இன்னும் கொஞ்சம் நல்லா நடத்துறாங்க.”

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். கணக்கப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார். டீச்சர் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். அம்மா ரசித்துச் செய்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. பெண்களின் கண் அடிக்கடி மலைப் பக்கம் போய்வந்தது. அது ஏன் என்று வகுப்பில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கொழுந்தை ஒரு நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்து, தோட்டம் கேட்கிற நிறை வந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். காலையில் பிரட்டிலேயே பிடித்து உட்கார வைத்த இந்தப் பெண்கள் இன்னும் ஓர் இலைகூடக் கிள்ளவில்லை. முதல் நிறுவை முடியப்போகிறது. நாங்களோ ‘கௌரவமான வேலை’ என்ற தலைப்புக்கே இன்னும் வரவில்லை.

மேசை இல்லாததால் என் கால் புழுதியில் ஆடியது. கடைசியில் எழுந்துவிட்டேன்.

“டீச்சர், நிறுவை முடிஞ்சிடும். இவங்கள விட்டா நல்லம்.”

“இல்லைப் பிள்ளை, இண்டைக்கு இவைக்கு முழுச் சம்பளத்தோட லீவு எண்டு துரை சொன்னவர்.”

நான் கணக்கப்பிள்ளையைப் பார்த்தேன்.

“அப்புடீங்களா? எனக்கு யாரும் சொல்லலீங்களே” என்றார் அவர். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அவருக்கு யாரும் சொல்லவில்லை. துரை டீச்சரிடம் சொன்னார், அதோடு கடமை முடிந்தது. டீச்சர் துரைக்குப் போன் எடுத்தார். அவர் கண்டிக்கு ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் அடித்து அடித்து நின்றது.

பெண்கள் அதற்குள் எழுந்து நல்ல சேலையோடு மலைக்கு ஓடத் தொடங்கிவிட்டார்கள். தொழிலாளர் உரிமை பற்றிப் படிக்க வந்து, வந்த காலையிலேயே தொழிலாளரின் அரை நாள் சம்பளத்தை விழுங்கிவிட்டோம். டீச்சருக்கு முகம் செத்துப்போனது.

அக்குறணைக்காரிதான் சொன்னாள், “இத்தின பேர் ஈக்கிறோமே. நாங்களும் பறிச்சிக் குடுப்பம் டீச்சர்.”

எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குடை, தொப்பி, போன் எல்லாம் மலை ஏறின. எங்கள் வகுப்பு கொழுந்து பறித்த அழகை நான் சொல்ல வேண்டும். கறிவேப்பிலை உருவுகிற மாதிரி கிளையோடு உருவினார்கள். முத்தின இலை, காம்பு, காய், எது கைக்கு வந்ததோ அது அம்மாவின் பைக்கும் அத்தையின் பைக்கும் போனது. ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்று சமூகக் கல்வியில் படித்தவர்கள்தான் எல்லாரும். வேண்டாம் என்று பெண்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. வந்த மிஸ்மாரை எப்படி ஏசுவது?

நான் முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் நல்ல கொழுந்து கண் முன்னால் நிற்கும்போது சும்மா நிற்க என்னால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்கு அம்மாவோடு மலைக்குப் போய்ப் பழகிய கை. அது பாட்டுக்கு ஒரு நிரையைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டு கையும் வேறு வேறு செடியில். கை நிறைந்ததும் திரும்பாமலே பின்னால், அத்தையிடம் வாங்கி மாட்டிய பைக்குள். அன்று முழுதும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நானாக இருந்தேன்.

“எங்க பிள்ளை இது பழகினனீர்?” என்று டீச்சர் பின்னால் நின்று கேட்டார்.

நான் பதில் யோசித்துக்கொண்டே நிரையின் மேல் மூலைக்கு ஏறினேன். அங்கே ஒரு சவுக்கு மரத்தடியில் கொழுந்து திரண்டு நின்றது. கீழ் நிரையிலிருந்து அம்மாவின் சத்தம் மலையே அதிரும்படி வந்தது.

“அடியே! எரும! அந்த மரத்துக்கிட்டப் போகாத! குளவி கட்டியிருக்குன்னு நேத்துத்தானே சொன்னேன்!”

நான் நின்றேன். மலை முழுதும் நின்றது. எல்லாருடைய கையும் செடி மேல் அப்படியே இருந்தது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, இவ்வளவு நேரம் காத்ததைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பவள் போல, மெல்லிய குரலில் ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

“மிஸ்.”

முதலில் அத்தைதான் சிரித்தாள். பிறகு நிரை நிரையாகச் சிரிப்பு இறங்கிப் போனது. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

“இது எங்கம்மா” என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“அப்ப ஏன் முன்னமே சொல்லயில்ல?” என்று கவிதைக்காரி கேட்டாள்.

“நீங்க கேக்கயில்ல.”

குளவி கலையாமல் எல்லாரும் மெதுவாகக் கீழே இறங்கினோம். மனசு லேசாக இருந்தது. வந்த வேலை நல்லபடி முடிந்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

நிறுவைக்கு அம்மாவின் பையைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் கணக்கப்பிள்ளை கையை உள்ளே விட்டுக் கிளறினார். எங்கள் வகுப்பின் உழைப்பு ஒவ்வொரு கொத்தாக வெளியே வந்தது.

“இது கொழுந்தா, மாட்டுக்கு அறுத்த புல்லா? இத பெக்டரிக்கு அனுப்புனா என் சீட்டு கிழிஞ்சிரும்.” கெட்ட இலையைக் கழித்தார். கழித்தபின் பையில் இருந்தது கொஞ்சம். ஒவ்வொருத்தி பையிலும் அப்படித்தான். “இனிச் சாயங்காலம் வரைக்கும் பறிச்சாலும் எட்டாது. அரைப் பேர்னு போட்டுக்க வேண்டியதுதான்.”

கழித்த இலையை அம்மா காலால் ஒரு பக்கம் ஒதுக்கினாள். காலையிலிருந்து அவ்வளவு பேசியவள், தனக்கென்று வந்த இடத்தில் வாயே திறக்கவில்லை. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“காலையில இவங்கள பிரட்டுலயே நிப்பாட்டி வச்சது தோட்டம்” என்றேன் கணக்கப்பிள்ளையிடம். “இவங்களாப் போய் ஒக்காரல. நிப்பாட்டி வச்ச நேரமும் வேல நேரந்தான். முழுப் பேர் போடணும்.”

அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நீ சும்மா இரு புள்ள. பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கென்ன? ஒங்கம்மாவுக்கு வாயி பத்தாதுன்னு நீ வேறயா?”

காலையில் எனக்குக் கை கூப்பியவர்தான். அதே மனிதர், அதே சட்டை. அதற்கிடையில் மாறியது ஒன்றே ஒன்று. நான் யாருடைய மகள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவர் இனி நடிக்கத் தேவையில்லை.

டீச்சர் முன்னால் வந்தார்.

“ஐயா, நிப்பாட்டி வைச்ச நேரமும் வேலை நேரம்தானே? முழுப் பேர் போடவேணும்.”

கணக்கப்பிள்ளை எழுந்து நின்றார். பேனையை எடுத்தார்.

“சரிங்க மிஸ். போட்டுர்றேன். தொரைகிட்ட மட்டும் நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க.”

அவ்வளவுதான். எல்லாருக்கும் முழுப் பேர் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பெண்கள் டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டார்கள், அம்மாவும் கும்பிட்டாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் கை தட்டவில்லை. முழுப் பேர் கிடைக்காமல் போயிருந்தால்கூட நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன்.

“நீ சென்னதையேதானே டீச்சரும் சென்ன?” என்றாள் அக்குறணைக்காரி. பரீட்சையைத் தவிர எதையும் யோசிக்காதவளுக்கே அது விளங்கிவிட்டது.

வேனில் ஏறும் முன் டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “நீர் இஞ்சயே நில்லும் பிள்ளை, திரும்பக் கண்டிக்கு வந்து அலைய வேண்டாம்” என்றார். பிறகு, “எனக்கு வெக்கமாக் கிடக்கு” என்றார். சொன்னதும் வேனில் ஏறிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அம்மாவோடு சண்டை பிடித்தேன்.

“நான் வெக்கப்படுறேன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

“ஒன் மூஞ்சி சொல்லிச்சு.”

“என் மூஞ்சி எப்பவும் அப்புடித்தான்.”

“அதுவுஞ் சரிதான்” என்று அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். அவளுக்கு நல்ல மனநிலை. முழுப் பேர் கிடைத்துவிட்டதே, பிறகு என்ன என்பது அவள் கணக்கு. “ஒங்க டீச்சர் நல்லவங்க, ஒரே வார்த்ததான் சொன்னாங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஒரே வார்த்தையை அதற்கு முன்னால் நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று கேட்க நினைத்தேன். விழுந்தது என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து கேட்கவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் அறிக்கை தயாரானது. கடைசியில் முடிவு என்று போட்டு, தோட்டத் தொழிலாளரிடம் தம் உரிமைகள் பற்றிய விழிப்புணர்வு போதாது என்று எழுதியிருந்தார்கள். அதை நான் வாசிக்க வேண்டும் என்று எல்லாரும் விரும்பினார்கள். நான் வாசித்தால் பொருத்தமாக இருக்குமாம். நான் வாசிக்க மாட்டேன் என்றேன். ஏன் என்றார்கள். “எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். அன்னைக்கு அந்த இடத்தில என்ன சொன்னா எடுபடும், யாரு சொன்னா எடுபடும், அதுவரைக்கும் தெரியும். விழிப்புணர்வு வேணும்னா அந்தக் கணக்கப்பிள்ளைக்குக் குடுங்க, துரைக்குக் குடுங்க” என்றேன். நிறையக் கத்திவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்து வந்து, அந்த வரியைத் தன் கையாலேயே வெட்டினார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்த இடம் வெறுமையாகவே போனது.

மறுநாள் காலையில் அம்மாவும் நானும் ஒன்றாக வீட்டை விட்டு இறங்கினோம். கோயிலடியில் பாதை பிரியும். மேலே போனால் பிரட்டு, கீழே போனால் பஸ். நான் யூனிபோமில், அவள் படங்கில். பிரிகிற இடத்தில் அவளுக்கு மறுபடி குறும்பு வந்துவிட்டது.

“போயிட்டு வாங்க மிஸ்.”

“அப்புடிக் கூப்புடாதம்மா.”

நான் சொன்ன விதத்தில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கிட்டே வந்து என் டையைச் சரி செய்தாள்.

“ஏன்டி கூப்புடக் கூடாது? அன்னிக்கு நீ சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு, அவன் ஒன்ன அடக்குனதும் கேட்டுச்சு. படி. நல்லாப் படிச்சு மிஸ்ஸா வந்து நில்லு. அப்ப நீ ஒரு வார்த்த சொன்னா அவனே எந்திரிச்சு நிப்பான்.”

“சரிம்மா” என்றேன். “நீ சொன்னா எப்ப எந்திரிச்சு நிப்பான்?”

அம்மா என்னைப் பார்த்தாள். கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் நகர்த்தி வைத்தாள். மேலே பிரட்டுக்கு ஆள் கூடுகிற சத்தம் கேட்டது.

“பஸ்ஸு போயிரும், ஓடு” என்றாள்.

ஓடினேன். அதிசயமாக அன்று பஸ்ஸில் ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அம்மா பதில் சொல்லாத அந்தக் கேள்வியோடு எனக்கு உட்கார வரவில்லை, பேராதனை வரைக்கும் நின்றுகொண்டுதான் போனேன்.